குறுகும் பகலும் குன்றும் மனமும்

ஆண்டின் இறுதி வாரங்களைக் கொண்டாட்டக் காலம் என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். பள்ளி விடுமுறை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, உறவினர் வருகை, சுற்றுலா என நாட்காட்டி நிறைந்திருக்கும். ஆயினும், அதே வாரங்களில் நம்மில் சிலருக்குக் காலையில் படுக்கையை விட்டு எழவே மனம் வருவதில்லை. அயர்வும், எதிலும் நாட்டமின்மையும், இனம்புரியாத பதற்றமும் சூழ்ந்துகொள்கின்றன. ஊரே மகிழ்ந்திருக்கையில் தமக்கு மட்டும் இப்படி ஆகிறதே என்ற குற்றவுணர்வும் உடன் சேர்கிறது. இதனைச் சோம்பல் என்று வீட்டார் கடிந்துகொள்வதுண்டு. ஆனால், பலருக்கு இதன் வேர் கண்ணில் விழும் ஒளியின் அளவில் இருக்கிறது.

ஒளியும் உடற்கடிகாரமும்

அமெரிக்காவில் பணியாற்றிய மனநல மருத்துவர் நார்மன் ரோசந்தாலும் அவருடைய குழுவினரும் 1984-ஆம் ஆண்டில் இந்நிலையை முறையாக விவரித்தனர். குளிர்காலத்தில் தோன்றி, வசந்தத்தில் தானே விலகும் இதனைப் பருவகால மனச்சோர்வு என்கிறோம். மிகுந்த உறக்கம், மாவுப்பண்டம் மற்றும் இனிப்பின் மீது தீராத விருப்பம், உடல் எடை கூடுதல், பிறரிடமிருந்து ஒதுங்குதல் ஆகியவை இதன் அடையாளங்கள்.

நம் மூளையில் உறக்கத்தையும் விழிப்பையும் முறைப்படுத்தும் ஒரு கடிகாரம் உண்டு. விழித்திரையில் படும் காலை ஒளியே அதனை நாள்தோறும் சரிசெய்கிறது. இருள் சூழ்ந்ததும் உறக்கத்துக்குரிய மெலடோனின் சுரக்கிறது; விடியலின் ஒளி அதனைத் தணிக்கிறது. பொழுது தாமதமாக விடிந்து, பகலும் மங்கலாகவே கழிந்தால் அக்கடிகாரம் பின்தங்குகிறது. நாம் விழித்த பின்னும் உடல் இரவிலேயே இருப்பதுபோல் உணர்கிறது.

இந்தியக் குளிர்காலம்

நிலநடுக்கோட்டிலிருந்து விலகிய நாடுகளில்தான் இந்நோய் மிகுதி. எனினும், நம் நாட்டின் வடபகுதியும் இதற்கு முற்றிலும் விலக்கன்று. டெல்லியில் ஜூன் இறுதியில் பகல்பொழுது ஏறத்தாழ 14 மணி நேரம். டிசம்பர் இறுதியிலோ 10 மணி 20 நிமிடம் மட்டுமே. ஸ்ரீநகரில் அது 10 மணி நேரத்துக்கும் குறைவு. டிசம்பர் 21-இல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிரை அங்குள்ளோர் சில்லாய் கலான் என்றே பெயரிட்டு அழைக்கின்றனர். குவாஹாத்தியில் டிசம்பர் மாதத்தில் மாலை 4.30 மணியளவிலேயே கதிரவன் மறைந்துவிடுகிறான். கங்கைச் சமவெளியில் அடர்பனிமூட்டம் நாள்கணக்கில் வெயிலை மறைக்கிறது. சென்னையிலோ கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடையே பகலின் வேறுபாடு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். ஆகவே, தெற்கிலிருந்து பணிமாற்றம் பெற்று வடக்கே குடியேறியவர்கள் முதல் குளிர்காலத்தில் இம்மாற்றத்தைக் கூடுதலாக உணர்வது இயல்பே.

இயல்பான வழிகள்

முதல் மருந்து பகல் வெளிச்சமே. வீட்டினுள் விளக்கொளி பெரும்பாலும் சில நூறு லக்ஸ் அளவைத் தாண்டுவதில்லை. மேகம் மூடிய நாளிலும் திறந்தவெளியில் அதனைப்போல் பன்மடங்கு ஒளி உண்டு. விழித்தவுடன் திரைச்சீலைகளை விலக்கி, கிழக்கு நோக்கிய சாளரத்தின் அருகே காலைத் தேநீரை அருந்தலாம். அரைமணி நேரம் வெளியே நடக்கலாம். காற்று மாசு மிகுந்த நகரங்களில் அன்றைய காற்றுத் தரக் குறியீட்டைப் பார்த்து, மாசு தணிந்த முற்பகல் வெயிலில் நடப்பது நலம். மருத்துவர்கள் பரிந்துரைக்கும் 10,000 லக்ஸ் ஒளி விளக்கும் உண்டு. கண் நோய் அல்லது இருதுருவ மனநிலைக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் அதனைப் பயன்படுத்தலாகாது.

இரண்டாவது, நேர ஒழுங்கு. விடுமுறையானாலும் எழும் நேரத்தை மாற்றாதிருத்தல் உடற்கடிகாரத்துக்குத் துணைசெய்யும். இரவு நெடுநேரம் கைபேசித் திரையில் ஆழ்ந்திருப்பதும், புத்தாண்டு விருந்துகளில் மதுவை நாடுவதும் உறக்கத்தைக் குலைத்து மறுநாளின் பதற்றத்தைப் பெருக்கும்.

மூன்றாவது, மனிதத் துணை. மனம் சோர்ந்தவருக்குப் பெருங்கூட்டம் சுமையாகலாம். ஒருவரோடு பேசுவது சுமையாவதில்லை. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனித்து வாழும் முதியோரை இவ்விடுமுறையில் நாள்தோறும் குறித்த நேரத்தில் அழைத்துப் பேசுவோம்.

பணக்கவலையைப் பகிர்ந்துகொள்வோம்

ஆண்டிறுதிப் பதற்றத்தில் பணத்துக்கும் பங்குண்டு. பயணம், பரிசு, விருந்து ஆகியவற்றுக்கு ஆகும் செலவை முன்னரே குடும்பத்தோடு அமர்ந்து எழுதி, அத்தொகையைத் தனியே ஒதுக்கிவிட்டால் ஜனவரியில் வரும் கடன் அட்டைக் கணக்கு நம்மை அச்சுறுத்தாது. மாதத் தவணைக்குரிய தொகை கணக்கில் இருப்பதையும் உறுதிசெய்துகொள்வோம். மனம் தாழ்ந்திருக்கும் நாள்களில் வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன் முறிப்பது, புதுக்கடன் பெறுவது போன்ற பெரிய முடிவுகளை இயன்றவரை ஒத்திவைத்து, நம்பிக்கைக்குரிய ஒருவரோடு கலந்து பேசுவது நன்று.

எல்லையை அறிவோம்

இவ்வழிகள் மெல்லிய சோர்வுக்கே போதுமானவை. இரண்டு வாரங்களுக்கு மேலாகத் துயரம் நீடித்தாலும், உணவும் உறக்கமும் பணியும் குலைந்தாலும் மருத்துவரை நாடுவதே முறை. வாழ வேண்டாம் என்ற எண்ணம் தோன்றினால் ஒருநாளும் காத்திருக்கலாகாது. மைய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழிலும் பேசலாம். மூலிகை மருந்துகளையும் இயற்கையானவை என்பதனால் மட்டும் தாமே உட்கொள்ளலாகாது. வேறு மருந்துகளோடு அவை முரண்படக்கூடும். உடல்நோய்க்குரிய அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு வழங்கப்பட வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. நம் காப்பீட்டு ஆவணத்தை ஒருமுறை எடுத்துப் படித்து வைத்துக்கொள்வது பயன் தரும்.

டிசம்பர் 22-ஐ ஒட்டிய மிகக் குறுகிய பகலுக்குப் பின், ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாக நீள்கிறது. பஞ்சாபின் லோஹ்ரி, அசாமின் மாக் பிஹு, மராட்டியத்தில் எள்ளும் வெல்லமும் பகிரும் சங்கராந்தி, நம் பொங்கல் ஆகிய அனைத்தும் அந்நாள்களில்தான் வருகின்றன. அதுவரை நாளுக்கு அரைமணி நேரம் வெளிச்சத்தில் நிற்போம். வீட்டில் ஒருவர் சோர்ந்திருக்கக் கண்டால், கடிந்துகொள்வதை விடுத்து அவரையும் உடன் அழைத்துச் செல்வோம்.