ஒரே காற்றில் சாயும் இரு தோட்டங்கள்

நீர்வேலி வாழைக்குப் பெயர் பெற்ற ஊர். இழப்புக்கு அஞ்சும் தோட்டக்காரர் ஒருவர் அருகிலேயே இன்னொரு வாழைத் தோட்டத்தை வாங்கினால் பாதுகாப்புக் கிட்டுமா? ஒரே சூறைக்காற்று இரண்டையும் சாய்த்துவிடும்.

பல்கலைக்கழகங்களில் கற்பிக்கப்படும் முதலீட்டுத் தொகுப்பு முகாமைத்துவத்தின் சாரம் இதுவே. 1952இல் ஹாரி மார்கோவிட்ஸ் இதனைக் கணித வாயிலாக நிறுவினார். 1990இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றார். முதலீடுகள் எத்தனை என்பதன்று, அவை ஒருங்கே வீழுமா என்பதே முதன்மையான வினா.

இந்த வினாவின் கனத்தை 2022இல் நாம் உணர்ந்தோம். ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாவை எட்டியது. முழுச் சேமிப்பையும் ரூபா வைப்பில் இட்டிருந்தோரின் தொகை குறையவில்லை; பெறுமதி கரைந்தது.

வட்டியை விலக்கும் முஸ்லிம் மக்களுக்கும் இக்கல்வி அந்நியமன்று. இலாப நட்டம் இரண்டிலும் பங்குகொள்ளும் முஷாரகா முறை இடரைப் பகிர்வதையே அடிப்படையாகக் கொண்டது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் பயிலும் நம் பிள்ளைகள் இதனைப் பரீட்சைக்குரிய சூத்திரமாக மட்டும் கொள்ளலாகாது. வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் பணம், பேரிலாபம் காட்டும் பிரமிட் மோசடிகளில் மறையுமுன், அவர்கள் தத்தம் வீட்டாருக்கு இதனை எடுத்துரைக்க வேண்டும்.