கால் போனாலும் முளைக்கும்... ஆனால் வாழ இடமில்லை! தவிக்கும் ஆக்சலாட்டல்

பல்லிக்கு வால் அறுந்தால் திரும்ப முளைக்கும்னு நமக்குத் தெரியும். கால், தண்டுவடம், ஏன் இதயத்தின் ஒரு பகுதியைக்கூட மீண்டும் வளர்த்துக்கொள்ளும் உயிரினம் மெக்சிகோவில் இருக்கு. பெயர் ஆக்சலாட்டல்.

எப்படி முளைக்கிறது?

காயம்பட்ட இடம் தழும்பாக மாறாது. அங்குள்ள செல்கள் மீண்டும் இளம் செல்கள் போலாகி, எலும்பு, தசை, நரம்பு என எல்லாத்தையும் புதுசா உருவாக்குகின்றன.

என்ன ஆபத்து?

மெக்சிகோ சிட்டியின் சோச்சிமில்கோ கால்வாய்கள்தான் இதன் கடைசி இயற்கை வாழிடம். 1998-ல் சதுர கிலோமீட்டருக்கு சுமார் 6,000 இருந்தன. 2014-ல் வெறும் 36! கழிவுநீரும், வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட கெண்டை, திலேப்பியா மீன்களும்தான் முக்கியக் காரணம்.

ஆய்வகங்களிலும் வீட்டு மீன்தொட்டிகளிலும் ஏராளமாக வளர்க்கப்பட்டாலும், இயற்கையில் இது அழிவின் விளிம்பில் நிற்கிறது. இதைக் காப்பாற்ற, அங்குள்ள விவசாயிகளும் விஞ்ஞானிகளும் சேர்ந்து வடிகட்டி வைத்த தனிக் கால்வாய்களை அமைத்து வருகின்றனர்.