அமெச்சூர் வானொலியில் ஒலிவாங்கி இணைப்பு

அமெச்சூர் வானொலியில் ஒலிவாங்கி இணைப்பு என்பது, அமெச்சூர் வானொலியாளர்கள் பயன்படுத்தும் டிரான்சீவருடன் ஒலிவாங்கியைப் பொருத்துவதையும், தேவைப்படின் அவ்வொலிவாங்கிக்கு மின்னழுத்தம் வழங்குவதையும் குறிக்கும். டிரான்சீவர் என்பது வானலைகளை அனுப்பும் பகுதியும் பெறும் பகுதியும் ஒரே பெட்டியில் அமைந்த கருவியாகும். வெவ்வேறு நிறுவனங்களின் டிரான்சீவர்கள் ஒரே வடிவமுடைய செருகியைப் பயன்படுத்தினாலும், அதன் முனைகளுக்கு அவை அளித்துள்ள பணிகள் வேறுபடுகின்றன. ஆகையால், செருகி பொருந்துவதைக் கொண்டு இணைப்பு சரியானது என முடிவு செய்யக் கூடாது.

முக்கியத்துவம்

2004 டிசம்பரில், ஐதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் தலைமையிலான குழு, அந்தமான் தீவுகளிலிருந்து உலக அமெச்சூர் வானொலியாளர்களுடன் தொடர்பு கொள்ளும் பொருட்டு போர்ட் பிளேரில் நிலையம் அமைத்திருந்தது. டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபின் அந்நிலையம் அவசரத் தகவல் நிலையமாக மாறி, தீவுகளுக்கும் பெருநிலப்பகுதிக்கும் இடையே செய்திகளைக் கொண்டு சேர்த்தது. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயலின் போது புதுக்கோட்டை மாவட்டத்தின் பல ஊர்களில் மின்வழங்கல் பல நாட்கள் தடைப்பட்டது. இத்தகைய வேளைகளில் மின்கலத்தில் இயங்கும் ஒரு டிரான்சீவர் பெரிதும் பயன்படும். எனினும், நிலையத்தின் மிகச் சிறிய உறுப்பான ஒலிவாங்கி தவறாக இணைக்கப்பட்டிருந்தால், பேச்சு வழியாகச் செய்தி அனுப்ப இயலாது.

ஒலிவாங்கி வகைகள்

டிரான்சீவர்களுடன் பெரும்பாலும் இரு வகை ஒலிவாங்கிகள் பயன்படுகின்றன.

இயங்குசுருள் ஒலிவாங்கி: இதில் மெல்லிய தகட்டுடன் ஒட்டிய கம்பிச்சுருள் ஒரு காந்தப்புலத்தில் அசைகிறது. அசைவினால் சில மில்லிவோல்ட் அளவிலான மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. இதற்கு வெளியிலிருந்து மின்சாரம் தேவையில்லை. இதன் மின்மறுப்பு பொதுவாக 200 முதல் 600 ஓம் வரை இருக்கும்.

எலெக்ட்ரெட் ஒலிவாங்கி: இது நிலையான மின்னூட்டம் பெற்ற ஒரு படலத்தைக் கொண்ட மின்தேக்கி வகையாகும். இதனைப் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்டு செஸ்லர், ஜேம்ஸ் வெஸ்ட் ஆகியோர் 1962 இல் உருவாக்கினர். படலத்தின் மின்னூட்டம் நிலையானது என்றாலும், அதனுடன் சேர்ந்துள்ள புலவிளைவு டிரான்சிஸ்டர் இயங்குவதற்குச் சில வோல்ட் நேர்மின்னழுத்தம் தேவை. கைபேசி, கணினித் தலையணிக் கருவி ஆகியவற்றில் உள்ளவை பெரும்பாலும் இவ்வகையின.

இசை ஒலிப்பதிவுக் கூடங்களில் ஒலிவாங்கிகளுக்கு வழங்கப்படும் 48 வோல்ட் மின்வழங்கல் வேறு முறையாகும். அதனை டிரான்சீவருடன் பயன்படுத்தும் எலெக்ட்ரெட் உறுப்புக்கு நேரடியாக அளித்தல் கூடாது.

எட்டுமுனைச் செருகி

மேசைமீது வைத்துப் பயன்படுத்தும் பல டிரான்சீவர்களில் வட்டவடிவ எட்டுமுனைச் செருகி காணப்படுகிறது. மூன்று ஜப்பானிய நிறுவனங்களின் வழக்கமான அமைப்பில் முதன்மையான முனைகள் வருமாறு:

ஐகாம்: முனை 1 ஒலி உள்ளீடு, முனை 2 இல் 8 வோல்ட், முனை 5 பேசும் பொத்தான், முனை 6 பொத்தானின் நிலமுனை, முனை 7 ஒலிவாங்கியின் நிலமுனை, முனை 8 ஒலி வெளியீடு.

கென்வுட்: முனை 1 ஒலி உள்ளீடு, முனை 2 பேசும் பொத்தான், முனை 5 இல் 8 வோல்ட், முனை 7 ஒலிவாங்கியின் நிலமுனை, முனை 8 பொத்தானின் நிலமுனை.

யேசு: முனை 2 இல் 5 வோல்ட், முனை 5 நிலமுனை, முனை 6 பேசும் பொத்தான், முனை 7 ஒலிவாங்கியின் நிலமுனை, முனை 8 ஒலி உள்ளீடு.

பேசும் பொத்தான் என்பது, அழுத்தியவுடன் தன் முனையை நிலமுனையுடன் இணைத்து, டிரான்சீவரை அனுப்பும் நிலைக்கு மாற்றும் ஆளியாகும். கென்வுட் ஒலிவாங்கி ஒன்றை ஐகாம் டிரான்சீவரில் செருகினால் நிகழ்வதை மேலுள்ள பட்டியலைக் கொண்டு அறியலாம். பொத்தானை அழுத்தும்போது முனை 2 உம் முனை 8 உம் இணைகின்றன. ஐகாமில் முனை 2 என்பது 8 வோல்ட் வழங்கும் முனை. முனை 8 என்பது ஒலி வெளியீடு. டிரான்சீவர் அனுப்பும் நிலைக்கு மாறாது என்பதோடு, அதன் உட்பகுதி பழுதடையவும் வாய்ப்புண்டு.

ஒரே நிறுவனத்தின் மாதிரிகளுக்கிடையேயும் வேறுபாடுகள் உண்டு. ஊர்தியில் பொருத்தும் பல டிரான்சீவர்களில், கணினி வலையமைப்புக் கம்பியில் உள்ளதைப் போன்ற சதுரச் செருகி உள்ளது. எனவே அந்தந்த மாதிரியின் கையேட்டையே இறுதிச் சான்றாகக் கொள்ள வேண்டும். கையேட்டின் படம் சாக்கெட்டை முன்புறமிருந்து காட்டுகிறதா, செருகியைப் பற்றவைக்கும் பின்புறமிருந்து காட்டுகிறதா என்பதையும் கவனித்தல் வேண்டும். சாக்கெட்டின் முன்புறத் தோற்றமும் செருகியின் முன்புறத் தோற்றமும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போன்றவை.

மின்வழங்கல்

எலெக்ட்ரெட் உறுப்புக்கு மின்னழுத்தத்தை ஒரு மின்தடையாக்கி வழியாக அளிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 8 வோல்ட் முனையிலிருந்து 10 கிலோஓம் மின்தடையாக்கி வழியாக 0.3 மில்லிஆம்பியர் மின்னோட்டம் பாய்ந்தால், மின்தடையாக்கியில் 3 வோல்ட் இழக்கப்பட்டு, எஞ்சிய 5 வோல்ட் உறுப்புக்குக் கிடைக்கும். 5 வோல்ட் முனையாயின் 4.7 கிலோஓம் போதுமானது. அப்போது உறுப்புக்கு ஏறத்தாழ 3.6 வோல்ட் கிடைக்கும்.

உறுப்பும் மின்தடையாக்கியும் சேருமிடத்தில் நேர்மின்னழுத்தமும் பேச்சுக்குரிய மாறுமின்னழுத்தமும் கலந்திருக்கும். அங்கிருந்து ஒரு மின்தேக்கி வழியாக ஒலி உள்ளீட்டுக்கு இணைத்தால், மின்தேக்கி நேர்மின்னோட்டத்தைத் தடுத்துப் பேச்சை மட்டும் கடத்தும். உள்ளீட்டு மின்தடை 600 ஓம் எனில், 1 மைக்ரோஃபாரடு மின்தேக்கி ஏறத்தாழ 265 ஹெர்ட்சுக்குக் கீழுள்ள ஒலிகளைக் குறைக்கும். தகவல் தொடர்புக்கு 300 முதல் 3000 ஹெர்ட்சு வரையிலான பேச்சு போதுமானது என்பதால் இவ்வளவு பொருத்தமானதே. மின்பகு மின்தேக்கியாயின் அதன் நேர்முனை, மின்னழுத்தம் உள்ள பக்கம் இருத்தல் வேண்டும்.

ஐகாம் டிரான்சீவர்கள் பலவற்றில், ஒலி உள்ளீட்டு முனையான 1 இலேயே எலெக்ட்ரெட் உறுப்புக்கான நேர்மின்னழுத்தம் வழங்கப்படுகிறது. அங்கு எலெக்ட்ரெட் உறுப்பை நேரடியாக இணைக்கலாம். மாறாக, இயங்குசுருள் ஒலிவாங்கியை இணைக்கும்போது தொடராக ஒரு மின்தேக்கியைச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிடில் சுருளில் நேர்மின்னோட்டம் பாய்ந்து தகடு ஒருபுறமாக இழுக்கப்பட்டு, பேச்சு திரிபடையும்.

குறுக்கீடுகள்

அனுப்பியின் வானலை ஒலிவாங்கிக் கம்பியில் நுழைந்தால் பேச்சு கரகரப்பாகவோ சிதைந்தோ கேட்கும். உலோக வலை சுற்றிய கம்பியைப் பயன்படுத்துதல், உறுப்பின் இரு முனைகளுக்கிடையே 100 பிகோஃபாரடு முதல் 1 நானோஃபாரடு வரையிலான மின்தேக்கியை இணைத்தல், கம்பியை ஃபெரைட் வளையத்தில் சுற்றுதல் ஆகியவை இதனைக் குறைக்கும். ஒலிவாங்கியின் நிலமுனையையும் பொத்தானின் நிலமுனையையும் தனித்தனிக் கம்பிகளில் கொண்டு செல்வது நன்று.

ஒலி அளவை மிகையாக வைத்தல் மற்றொரு பொதுவான தவறாகும். அதனால் பேச்சு வலுப்பெறுவதில்லை. அலைவரிசை விரிந்து அண்டை அலைவெண்களில் பேசுவோருக்கு இடையூறு விளைகிறது.

களப் பயன்பாடு

கட்டடத்துக்கு வெளியே நிலையம் அமைக்கும்போது காற்றும் கருத்தில் கொள்ளத்தக்கது. புதுக்கோட்டை மாவட்டத்திலுள்ள நார்த்தாமலையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அங்குள்ள பாறைக்குன்றுகளைப் போன்ற திறந்த உயரமான இடங்கள், ஏறத்தாழ நேர்கோட்டில் செல்லும் மீயுயர் அலைவெண் அலைகளுக்கு ஏற்றவை. ஆனால் தடையின்றி வீசும் காற்று ஒலிவாங்கியில் மோதி இரைச்சலை உண்டாக்கும். நுரைப்பஞ்சு உறை இடுதலும், வாயருகே பிடித்துச் சற்றுப் பக்கவாட்டில் பேசுதலும் இதற்குத் தீர்வாகும். நார்த்தாமலையின் விசயாலய சோழீச்சரம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னமாதலால், அத்தகைய இடங்களில் உரிய இசைவின்றி உயர்கம்பம் நடுதல் கூடாது. இந்தியாவில் அமெச்சூர் நிலையம் இயக்குவதற்கு நடுவண் அரசின் அனுமதியும் தேவை.

சோதிக்கும் முறை

1. ஒலிவாங்கியைச் செருகுமுன், பல்நோக்கு மானியால் சாக்கெட்டின் எந்த முனையில் மின்னழுத்தம் உள்ளது என அளக்கவும். அளக்கும்போது அருகிலுள்ள முனைகளை மானியின் கம்பி ஒருங்கே தொடாதிருத்தல் வேண்டும்.
2. ஒலிவாங்கியின் செருகியில், பொத்தானை அழுத்தும்போது எந்த இரு முனைகள் இணைகின்றன எனத் தனியே காணவும்.
3. இரண்டையும் கையேட்டுடன் ஒப்பிட்டு, மின்னழுத்த முனை பொத்தானின் வழியில் இல்லை என்பதை உறுதி செய்யவும்.
4. உணர்கொம்புக்குப் பதிலாக 50 ஓம் போலிச்சுமையை இணைத்து, குறைந்த திறனில் பேசிப் பார்க்கவும். அருகில் மற்றொரு வானொலி வாங்கியில் கேட்டு ஒலி அளவைச் சரிசெய்யவும்.

இச்சோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும். அதனை அமைதியான நாளிலேயே முடித்து, முனைகளின் பட்டியலை எழுதி டிரான்சீவருடன் வைத்துக்கொண்டால், புயல் நாளில் கிடைக்கும் வேறொரு ஒலிவாங்கியையும் ஐயமின்றி இணைக்க இயலும்.