கிராமத்திலே உளநலத் தாதி

மருத்துவத்தை வள்ளுவர் நான்கு கூறாக வகுத்துரைத்தார். நோயுற்றவன், நோயைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, நோயுற்றவனின் அருகிருந்து பேணுபவன் என்பனவே அந்நான்கு. இவற்றுள் ஈற்றில் வைத்து எண்ணப்பட்டவனின் பணியே இன்று தாதியர் பணி எனப்படுகிறது. உடல்நோய் பலவற்றில் இப்பணி சில நாட்களில் முடிந்துவிடும். கடும் உளநோயிலோ ஆண்டுக்கணக்காக நீளும். ஆதலின், உளநோய்ச் சிகிச்சையின் வெற்றி பெரிய வைத்தியசாலையின் கட்டிலிலன்று, நோயாளி திரும்பிச் சென்று வாழும் கிராமத்திலேயே பெரும்பாலும் தீர்மானிக்கப்படுகிறது.

இலங்கையில் நெடுங்காலமாக உளநோயாளர் பலர் சென்றடைந்த இடம் கொழும்புக்கு அண்மையிலுள்ள அங்கொடை வைத்தியசாலையாகும். அவ்வூரின் பெயரே ஏளனச் சொல்லாகிவிட்டது. அங்கு சென்று குணமடைந்து மீண்டவருங்கூட அப்பெயரின் நிழலிலிருந்து எளிதில் தப்ப இயலவில்லை. 2005ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட தேசிய உளநலக் கொள்கை, சிகிச்சையை நோயாளரின் ஊருக்கு அண்மையிற் கொண்டுசெல்வதை நோக்கமாகக் கொண்டது. வைத்தியசாலைத் தாதி வெளியே சென்று நோயாளரைக் காணும் முறை இங்கிலாந்தில் 1954இல், வார்லிங்கம் பார்க் வைத்தியசாலையில், இரண்டு தாதியருடன் தொடங்கிற்று. பேருந்து அருகிய சிற்றூர்களுக்கு அம்முறை இன்னும் இன்றியமையாதது.

அத்தகைய தாதியின் பணி யாது? மனச்சிதைவு நோயால் வருந்தும் இளம் விவசாயி ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மருந்தினால் அவருடைய அச்சமும் செவியிற் கேட்ட குரல்களும் அடங்குகின்றன. சுகம் வந்துவிட்டது என்று எண்ணி அவர் மாத்திரையை நிறுத்துகிறார். சில வாரங்கள் குறையொன்றுமில்லை. பின்னர் உறக்கம் குறைகிறது, உணவை ஐயுறுகிறார், தனித்திருக்கிறார். நோய் மீளுகின்றது என்பதற்கு இவையே முன்னறிகுறிகள். வீட்டார் இதனைப் பிடிவாதம் என்பர். அயலார் செய்வினை என்பர். அவரை முன்பே அறிந்த தாதியோ, இன்னதென உணர்ந்து வைத்தியருக்கு அறிவிக்கிறார்.

நாள்தோறும் மாத்திரை உட்கொள்ள இயலாதோருக்கு, உடலில் மெல்ல மெல்லக் கரைந்து 2 முதல் 4 வாரம் வரை பயன்தரும் ஊசிமருந்து உண்டு. குறித்த நாளில் நோயாளி வராவிடின், தாதி அவரைத் தேடிச் செல்கிறார். ஊசியிடுவதோடு கடமை தீர்ந்துவிடுவதில்லை. கை நடுங்குகிறதா, கழுத்து விறைக்கிறதா, ஓரிடத்தில் இருக்கவொட்டாத தவிப்பு உண்டா எனக் கவனிக்கவேண்டும். இவை மருந்தின் பக்கவிளைவுகள். மருந்தின் அளவைத் திருத்தினால் தணிக்கத் தக்கவை. கேட்பார் இல்லாமையால் அன்றோ பலர் மருந்தையே கைவிடுகின்றனர்!

நூல் கட்டுவதையும் கோயிலில் நேர்த்தி வைப்பதையும் இகழும் தாதியை எவ்வீட்டாரும் மறுமுறை வரவேற்கமாட்டார். அனுபவமுள்ளவர், "நேர்த்தியும் நடக்கட்டும், மருந்தும் நடக்கட்டும்" என்பார். ஆனால், நோயாளியைக் கட்டிவைப்பதையோ அடிப்பதையோ கண்டால், அதனை ஒருபோதும் ஏற்கமாட்டார். இரகசியம் காப்பதும் அவருடைய கடன். ஒருவரின் நோய் சந்தையிற் பேசப்படுமாயின், அவ்வீட்டுப் பெண்ணின் திருமணமே தடைப்படக்கூடும்.

எல்லாவற்றினும் பெரிய பொறுப்பு உயிர் காத்தல். இலங்கையில் தற்கொலை 1995ஆம் ஆண்டளவில் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 என்னும் அளவை எட்டியிருந்தது. கொடிய பூச்சிகொல்லிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடைசெய்யப்பட, அடுத்த 20 ஆண்டுகளில் அத்தொகை பாதிக்குங் கீழே இறங்கிற்று. இதனால் விளங்குவது யாதெனின், சாவை நாடும் எண்ணம் பெரும்பாலும் ஒரு வேகத்தில் எழுந்து தணிவது. அந்த வேளையில் நஞ்சு கைக்கெட்டாதிருந்தால் உயிர் பிழைக்கும் என்பதே. ஆகவே, சோர்ந்திருப்பவரிடம், "வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா?" என்று தாதி நேராகவே கேட்கிறார். இவ்வாறு கேட்பது அவ்வெண்ணத்தை விதைக்கும் என்பது தவறான அச்சம். மனச்சுமையை இறக்கிவைக்க அதுவே வழி திறக்கிறது. பின்னர், வீட்டிலுள்ள பூச்சிகொல்லியை அப்புறப்படுத்துமாறு வீட்டாருக்குச் சொல்லி, தாமதமின்றி வைத்தியரிடம் அனுப்புகிறார்.

எனினும், தாதி ஒருவர் ஒரு வீட்டில் இருப்பது மாதத்தில் சில நாழிகையே. எஞ்சிய நாட்களில் நோயாளியின் அருகிருப்போர் உற்றாரும் அயலாருமே. நல்லநாள் பெருநாளில் அவரையும் அழைப்பதும், வயலிலோ கடையிலோ இயன்ற வேலையைக் கொடுப்பதும், ஊசிபோடும் நாளை நினைவூட்டுவதும் அவர்கள் செய்யத்தக்கன. வள்ளுவர் கூறிய நான்காவது கூற்றில் ஊராருக்கும் பங்குண்டு.