கணினி வீட்டில் சோபா எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும்?

மலேசியாவின் ஜெஞ்சாரோம் தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) நாம் பார்க்கும் டெரஸ் வீடுகள் பலவற்றின் அகலம் 20 அடி. அதே அளவில் ‘செகண்ட் லைஃப்’ எனும் மெய்நிகர் உலகில் ஒரு வீடு கட்டினால், உள்ளே நுழைந்ததுமே இடுக்கமாகத் தெரியும். ஏன்?

2003-இல் தொடங்கிய அந்த உலகில் நமக்குக் கண்ணாக இருக்கும் கேமரா, நம் உருவத்தின் முதுகுக்குப் பின்னால், சற்று உயரத்தில் நிற்கிறது. கூரை தாழ்ந்தால், சுவர் நெருங்கினால், கேமராவுக்கு இடமில்லை. அங்கு நடமாடும் உருவங்கள் பலவும் 7 அடியைத் தொடும். அதனால்தான் அறைகளைப் பெரிதாக்குகிறார்கள். அறை வளர்ந்தால் சோபா, மேசை, கதவு எல்லாமே அதே விகிதத்தில் வளரவேண்டும். இல்லையென்றால் கல்யாண மண்டபத்தில் பாலர் பள்ளி நாற்காலியைப் போட்டது போலாகிவிடும்.

‘மைன்கிராஃப்ட்’ விளையாடும் பிள்ளைகளுக்குக் கணக்கு சுலபம். ஒரு பிளாக் 1 மீட்டர். ஆளின் உயரம் 1.8 மீட்டர். கதவு 2 பிளாக்.

மெய்நிகர் (வி.ஆர்.) கண்ணாடி அணிந்தால் காட்சி நம் கண் உயரத்திலிருந்தே தெரியும். ஆகவே அங்கே அசல் அளவுதான் சரி.

வடிவமைக்கத் தொடங்குமுன் உங்கள் உருவத்தை அறையின் நடுவில் நிறுத்துங்கள். நாற்காலியின் இருக்கை முழங்கால் உயரத்துக்கு வருகிறதா, கதவு தலைக்கு மேல் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு மற்றதைச் செய்யுங்கள்.