வெயில் சும்மா கிடைக்குது. கரண்டு சும்மா கிடைக்குமா?

தாம்பரம், மாலை 6.30 மணி. கடற்கரையில் இருந்து வந்த மின்சார ரெயில் ஜனங்களை இறக்கி விடுகிறது. வீடு போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை, பேன் சுவிட்சைத் தட்டுவதுதான். குரோம்பேட்டை, சேலையூர், செம்பாக்கம் என்று எல்லா வீட்டிலும் விளக்கு, டி.வி., ஏ.சி. ஒரே சமயத்தில் ஓடத் தொடங்குகின்றன.

அந்த நேரம் பார்த்து சூரியன் மறைந்து விடுகிறது!

"பகல் பூரா வெயில் மண்டையைப் பிளக்குது. அதுல கரண்டு எடுத்தா பில் குறையாதா?" டீக்கடைகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

குறையும். ஆனால் எந்த வருஷம், என்ன விலைக்கு ஒப்பந்தம் போட்டார்கள் என்பதைப் பொறுத்தது.

கமுதி கணக்கு

ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் அதானி நிறுவனம் அமைத்த சோலார் ஆலை 2016-ம் ஆண்டு செப்டம்பரில் இயங்கத் தொடங்கியது. 648 மெகாவாட். சுமார் 2,500 ஏக்கர் நிலம். 25 லட்சம் தகடுகள். செலவு ரூ.4,550 கோடி. அதாவது, ஒரு மெகாவாட்டுக்கு சுமார் ரூ.7 கோடி!

2015 ஜூலையில் ஒப்பந்தம் கையெழுத்தான போது விலை யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு. ஒப்பந்த காலம் 25 ஆண்டுகள்.

இரண்டே ஆண்டில் நிலைமை தலைகீழானது. சீனத் தகடுகளின் விலை சரிந்தது. 2017 மே மாதம் ராஜஸ்தான் மாநிலம் பட்லா ஏலத்தில் யூனிட் 2 ரூபாய் 44 காசுக்கு வந்தது. அதே ஆண்டு தமிழ்நாட்டில் 1,500 மெகாவாட்டுக்கு நடந்த ஏலத்தில் 3 ரூபாய் 47 காசு. 2020 டிசம்பரில் குஜராத்தில் 1 ரூபாய் 99 காசு!

ரூ.59 கோடி வித்தியாசம்

100 மெகாவாட் ஆலை ஒன்று தன் சக்தியில் 19 சதவீதம் உற்பத்தி செய்வதாக வைத்துக் கொள்வோம். ஆண்டுக்கு சுமார் 16 கோடியே 64 லட்சம் யூனிட். 7 ரூபாய் 1 காசு என்றால் சுமார் ரூ.117 கோடி. 3 ரூபாய் 47 காசு என்றால் சுமார் ரூ.58 கோடி. அதே வெயில், அதே கரண்டு. ஆண்டுக்கு ரூ.59 கோடி வித்தியாசம்!

வெயிலில் சிறிது குறைந்தாலும் கணக்கு உதைக்கும். அதனால் கடன் கொடுக்கும் பாங்கிகள் வெயிலின் அளவைக் கேட்கின்றன. அதை அளக்கும் வேலையும் நம்ம பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்றாலை நிறுவனத்தின் பொறுப்பில்தான். 2011-ல் முதல் கட்டமாக நாடு முழுவதும் 51 அளவை நிலையங்களை அமைத்தது.

'நிறுத்து' என்றால்?

விலை மட்டும் பிரச்சினை அல்ல. பகலில் காற்றாலை, அனல் நிலையம், சோலார் எல்லாம் சேர்ந்து கரண்டு மிஞ்சும் போது, சோலார் ஆலைகளைக் குறைக்கச் சொல்லி உத்தரவு போனது. ஆலைக்காரர்கள் வழக்குக்குப் போனார்கள். தொகுப்பின் பாதுகாப்புக்காக அல்லாமல் இப்படி நிறுத்தியது தவறு, நஷ்டஈடு தர வேண்டும் என்று மின்சார மேல்முறையீட்டு தீர்ப்பாயம் 2021 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது.

எடுக்காத கரண்டுக்கும் காசு! மின்வாரியத்தின் செலவு கடைசியில் யார் தலையில் விழும் என்று சொல்லத் தேவையில்லை.

பாட்டரி வருது

மாலை நேரத்துக்கு ஒரு வழி, பகல் கரண்டை பாட்டரியில் சேர்த்து வைப்பது. 2024 டிசம்பரில் மத்திய சோலார் கழகம் நடத்திய ஏலத்தில், பாட்டரியோடு சேர்த்தே யூனிட் 3 ரூபாய் 52 காசுக்கு வந்தது. 2015-ல் பாட்டரி இல்லாமல் கொடுத்த விலையில் பாதி!

ஆக, பெரிய சோலார் ஆலை இன்றைக்குக் கட்டுப்படியாகும். ஆனால் பழைய ஒப்பந்தம் பழைய விலைதான். 25 ஆண்டு கணக்கு முடியும் வரை அந்தப் பாரம் இருக்கும், தாம்பரத்தில் பேன் சுவிட்சைத் தட்டுகிறவர் வரைக்கும்.