ஒரு பிறையும் ஆயிரம் மசலாவும்

எங்கள் வாப்பாவின் கடை இரத்தினபுரிப் பகுதியில் ஒரு றப்பர் தோட்டத்தின் அடிவாரத்தில் இருந்தது. அந்த மழையூரில் தலைப்பிறை கண்டதாக எனக்கு ஞாபகமில்லை. மேற்கே மலை, மலைக்கு மேலே முகில். நாங்கள் பிறையைக் காதால்தான் கண்டோம். மஃரிபுக்குப் பின் வானொலிப் பெட்டியைச் சுற்றி நிற்போம். கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் கூடியவர்களின் முடிவு வரும்.

ஒரு வருடம், கடையில் கணக்கெழுதிய நானா லெப்பையிடம் கேட்டார்: "கொழும்பில கண்டது எங்களுக்குக் காணும் எண்டா, மக்காவில கண்டது ஏன் காணாது?" வாப்பா முறைத்தார். லெப்பையோ, "இதைக் குரைப் முந்தியே கேட்டுட்டாரே" என்று சிரித்தார்.

நேயர்களே, அந்தச் சம்பவம் ஸஹீஹ் முஸ்லிம் கிரந்தத்தில் உள்ளது. குரைப், இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களால் விடுதலை செய்யப்பட்ட அடிமை. சிரியா சென்றவர் அங்கே வெள்ளி இரவு ரமழான் பிறையைக் கண்டார். மாதக் கடைசியில் மதீனா திரும்பினால், அங்கே சனி இரவுதான் கண்டிருக்கிறார்கள். முஆவியா (ரழி) கண்டு நோன்பு பிடித்தது போதாதா என்று குரைப் கேட்டார். போதாது, நபியவர்கள் எமக்கு இவ்வாறே ஏவினார்கள் என்றார் இப்னு அப்பாஸ்.

விடயம் அத்துடன் முடியவில்லை. "இவ்வாறே" என்பது எதைக் குறிக்கிறது? ஊருக்கு ஊர் பிறை வேறு என்பதையா, ஒருவரின் சாட்சி போதாது என்பதையா? இமாம் நவவி இதனைத் தூரத்து ஊர்களுக்குத் தனித்தனிப் பிறை என்பதற்கு ஆதாரமாக்கினார். இலங்கையில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் வழி அது. ஹனபி மத்ஹபின் பிரபலமான கருத்தோ ஓரிடத்துப் பிறை எல்லோருக்கும் போதும் என்பது. ஹதீஸ் ஒன்றுதான். மொழிபெயர்ப்பை மட்டும் கையில் வைத்திருப்பவருக்கு இந்த முடிச்சு இருப்பதே தெரியாது. ஆலிம் தேவைப்படுவது இங்கேதான். ஆனால் இப்னு அப்பாஸைப் பாருங்கள்: கேட்டவர் முன்னாள் அடிமை என்று வாயடைக்கவில்லை; காரணம் சொன்னார்.

தமிழிலும் நமக்கு முழு உருவில் கிடைத்துள்ள முதலாவது இஸ்லாமிய இலக்கியம், 1572இல் வண்ணப் பரிமளப் புலவர் மதுரையில் அரங்கேற்றிய 'ஆயிரம் மசலா'. மசலா என்றால் வினா. அப்துல்லாஹ் இப்னு ஸலாம் நபியவர்களிடம் கேட்ட வினாக்களே அந்தக் காவியம். கேள்வியில் தொடங்கிய இலக்கியத்துக்குச் சொந்தக்காரர் நாம்!

பல வருடங்களின் பின் வேறோர் ஊர்ப் பள்ளியில், நானா கேட்ட அதே கேள்வியை ஒரு பையன் கேட்டான். "மார்க்கத்தில கேள்வி கேட்கக் கூடாது" என்று உட்கார வைத்தார்கள். மறுவருடம் அவன் ஒரேயொரு சிறு நூலை வாசித்துவிட்டு, ஆலிம்கள் அனைவரும் வழிகெட்டவர்கள் என்றான். அவனை அங்கே அனுப்பியவர்கள் யார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

2013இல் கிண்ணியாவில் பிறை கண்டதாகச் சொன்னதைக் கொழும்பு ஏற்கவில்லை. நோன்புப் பெருநாள் இரண்டு நாளாயிற்று. அப்போதும் மக்கள் கேட்டது, எங்கள் சாட்சியை ஏன் தள்ளினீர்கள் என்பதைத்தான்.

எங்கள் நானா அன்றிரவு லெப்பையோடு வெகுநேரம் தர்க்கித்தார். முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. விடியச் சஹருக்கு முதலில் எழும்பியவரும் அவர்தான்.